பன்னிரண்டாம் அத்தியாயம்

ஜெனோவா தன் கதையை
ஐஸ் கம்பெனி கணக்கு பாதி எழுதிய
லாங் சைஸ் நோட்டில் எழுதினாள்.
சனிக்கு ஓர் அத்தியாயம்.
முதல் வாசகன் நான்.
இரண்டாவது வாசகன் கிடையாது.

குருசடைத் தீவுக்குக் கீழே
ஏழு கதவுள்ள நகரம் ஒன்று.
அதன் இளவரசிக்குப் பதினைந்து வயது,
இடது காதில் மட்டும் தோடு,
ஜெனோவாவைப் போலவே.
(மற்றது பாம்பன் அடகுக்கடையில்.)
இளவரசி ஏறிப்போவது ஓர் ஆவுளியா மேல்.
பெயர் தூமணி.
தாழை மேயும். பேசும், ஆனால் கேள்வி மட்டும்தான்.
பயந்தால் இளவரசியின் அக்குளில்
மூக்கை நுழைத்துக்கொள்ளும்.

ஆறு கதவு திறக்கும், மூடும்.
ஏழாவதைப் பற்றி
முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டாள்:
திறக்கலாம்.
திறந்தவர் அப்புறம்
திறக்காதவர் ஆக முடியாது.

ஒன்பதாம் அத்தியாயத்தில் கேட்டேன்,
"தூமணி சாகாதுல்ல?"
"சாகாது."
"சத்தியம் பண்ணு."
"அந்தோணியார் மேல சத்தியம்."
பாலத்தில் ரயில் ஊர்ந்தது.
என்ன காரணமோ, சிரித்தோம்.

கச்சான் ஓய்ந்த ஒரு வியாழன் இரவு
சித்தப்பாவின் திருக்கை வலையில்
மூன்று ஆள் கனத்தில் ஏதோ சுற்றிக்கொண்டது.
தங்கச்சிமடம் கரைக்கு இழுத்து வந்தபோது
மூச்சு இருந்தது.
மனுச மூச்சு மாதிரி, சளி பிடித்த பிள்ளை மாதிரி.
டார்ச் பிடித்தவன் நான்.
"கண்ணுல அடிக்காதடா" என்றார்.
அதன் கண்ணையா, தன் கண்ணையா,
சொல்லவில்லை.

இடுப்பளவு தண்ணீர்தான்.
வலையை அறுத்துவிட்டால் போய்விடும்.
கத்தி என் காலடியில் கிடந்தது.
"எடு" என்றார்.

எடுத்தேன்.
கொடுத்தேன்.

தமிழ் மிஸ் கேட்டால்
இறந்தகாலம் என்று சொல்லுவேன்.

விடியுமுன் சைக்கிளில் பதினான்கு கறுப்புக் கவர்.
எந்த வீட்டிலும்
என்ன மீன் என்று கேட்கவில்லை.
ஒன்பதாவது வீட்டில்
ஜெனோவாவின் அப்பா பாதிக் கதவு திறந்தார்.
வெள்ளிக்கிழமை கறி ஆகாதே என்று முனகி
வாங்கி வைத்துக்கொண்டார்.
உள்ளே அவள் படுத்திருந்தாள்,
தலைமாட்டில் நோட்டு.

சனிக்கிழமை சொன்னாள்,
"வீட்டுல இன்னைக்குக் கறி.
மாடு மாதிரி இருந்துச்சு, மாடு இல்ல.
உனக்குத் தெரியுமா?"
"தெரியாது."
அவள் என் விரலை எடுத்து மோந்து பார்த்தாள்.
மூன்று முறை சோப்புப் போட்டிருந்தேன்.
மூன்று முறை சோப்புப் போட்ட வாசம்
அதில் இருந்தது.

அடுத்த சனி அத்தியாயம் இல்லை.
அதற்கடுத்த சனியும்.
பிறகு ஒரு நாள்
ஐஸ் கம்பெனிச் சுவரோரம்
நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு.
நகரத்துக்கு ஒரு பையன் வருகிறான்.
மூக்கில் மூன்று தையல் தழும்பு.
(என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.)
விளக்குப் பிடிக்கத் தெரிந்தவன்.
அவன் கெட்டவன் இல்லை என்று
ஒரு வரி எழுதி, அடித்து,
அடித்ததன் மேலேயே மறுபடி எழுதியிருந்தாள்.
யாரோ "திற" என்கிறார்கள்.
ஏழாவது கதவைத் திறக்கிறான்.

சத்தியத்தை அவள் மீறவில்லை.
தூமணி சாகவில்லை.
தூமணி இளவரசியின் வயிற்றுக்குள் இருந்தது.
ராத்திரியில் கேட்டது,
தாழை எங்கே?

"இத அழிச்சிட்டு வேற எழுதேன்" என்றேன்.
"நீலப் பேனா" என்றாள்.
கோபமாகக்கூட இல்லை.
அதுதான்.
கோபமாய் இருந்திருந்தால்
ஓடிப் போயிருப்பேன்.

அதற்கப்புறம் எத்தனையோ சனி.
கதை நிற்கவில்லை.
பதினெட்டு வந்துவிட்டது.
ஆறு கதவும் திறந்து மூடுகின்றன.
சண்டை, முடிசூட்டு, கடலுக்கடியில் மழைகூட உண்டு.
எல்லா அத்தியாயத்திலும் எங்கேயாவது ஓரமாய்
அந்தப் பையன் நிற்கிறான்,
விளக்கை எங்கே அடிப்பது என்று
தெரியாமல்.